நிதிக் குறிப்பு, பத்தி ஏழு

மாலை ஐந்துக்குள் பதில் வேண்டுமாம்.
சாலையோரம் விளக்குச் சுழல நிற்கிற வண்டியை,
வேலை செய்கிற ஆளைக் கண்டால்
பக்கத்துத் தடத்துக்கு விலகிப் போக வேண்டும்,
தடம் இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்
என்றொரு சட்டம் கொண்டுவர யோசனை.
பத்தி ஏழில் கேட்டிருக்கிறார்கள்:
கொண்டுவந்தால் எவ்வளவு ஆகும்?
தேவகோட்டை உட்கோட்டம், தலைப்பு வாரியாக,
லட்சத்தில், இரண்டு தசமத்துக்குத் திருத்தமாக.

பலகை ஒன்றுக்குப் பதினோராயிரத்து நானூறு,
கம்பம், ஜல்லி, குழி தோண்டுகிற கூலி சேர்த்து.
எத்தனை பலகை என்று விலக்குகளை எண்ணினேன்.
இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் விலக்கு உண்டு.
கண்ணங்குடி விலக்கு, சருகணி விலக்கு,
கண்டக்டர் கூவுகிற விலக்கெல்லாம் எழுதினால் முப்பத்தாறு.
விலகுகிற ஆள்தான் யாருமில்லை.

உதவிப் பொறியாளர் எட்டிப் பார்த்தார்.
'ஒரு தடமே ஒழுங்காய் இல்லாத ரோட்டில்
பக்கத்துத் தடம் எங்கே மேடம்?
பக்கத்தில் கண்மாய்தான் இருக்கிறது.'
சிரித்துவிட்டு, 'இருந்தாலும் போடுங்கள்' என்றார்.

அபராதத்தை வரவில் காட்டலாமா என்று
போக்குவரத்து எஸ்.ஐ. ரெஜினாவைக் கேட்டேன்.
'மாதம் நாற்பது கேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஆனால் கேஸ் போட வண்டியை மறிக்க வேண்டும்,
மறித்தால் ஓரத்தில் நிறுத்த வேண்டும்,
அந்த ஓரத்தில் நான்தானே நிற்கப்போகிறேன்?'
பின்னால் ஒரு லாரி கடக்கிற சத்தம்.
அவர் பேச்சு அதற்குள் போய் வெளியே வந்தது.
நாற்பது என்று பென்சிலில் எழுதினேன்.

மீட்பு வண்டி சிக்கந்தர் பில்லுக்கு வந்திருந்தார்.
'விளக்கைப் பார்த்தா எவன் விலகறான்?
என்ன ஆச்சுன்னு பார்க்கக் கிட்டே வர்றான்.
போன மாசம் ஒருத்தன்
வேகத்தைக் குறைக்காமலே போட்டோ எடுத்தான்.'

கூம்பு விலை தேடப் போய்ப் பழைய கோப்பு ஒன்று விழுந்தது.
தணிக்கை ஆட்சேபணை, போன வருஷத்தது.
ஒளிரும் கூம்பு மூன்று, மண்வெட்டி ஒன்று, தார் வாளி ஒன்று: சேதம்.
மதிப்பு நாலாயிரத்து நூற்றெண்பது.
யாரிடம் வசூலிக்கப்பட்டது?
மூன்று முறை பதில் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துதான்:
வேன் நிற்கவில்லை. எண் தெரியவில்லை.
மூன்று முறையும் 'பதில் ஏற்கத்தக்கதல்ல'.
கூம்புகளுக்கு நடுவே குனிந்திருந்த
சாலைப் பணியாளர் சேவுகனின் இடது காலைப் பற்றி
அந்தக் கோப்பில் எதுவுமில்லை.
அது வேறு தலைப்பு.

சேவுகன் இப்போது எதிர் மேஜையில் தபால் ஒட்டுகிறான்.
செயற்கைக் காலைக் கழற்றிக் கீழே சாய்த்திருக்கிறான்,
வெயிலுக்கு அரிக்குமாம்.
'விலகிப் போக எவ்வளவுக்கா ஆகுது?'
'நாலு புள்ளி ஒண்ணு பூஜ்யம். பலகைக்கு மட்டும்.'
பசை ஒட்டிய இரண்டு விரலைக் காற்றில்
கொஞ்சமாய் வலப்பக்கம் திருப்பினான்,
ஸ்டியரிங் பிடித்த மாதிரி.
'இதுக்கா?'

பற்று எழுதினால் எதிரே வரவு எழுதாமல்
பேரேட்டை மூடாத ஊர் இது.
பத்தி ஏழுக்கு எதிர்ப்பக்கம் இல்லை.
கால், ஒன்று, ஆகாமல் நின்ற செலவு
என்று ஓரத்தில் சின்னதாய் எழுதிப் பார்த்தேன்.
அழித்தேன்.
நாலு ஐம்பதுக்கு அனுப்பியாயிற்று.

வீட்டுக்குப் போகிற வழியில், ரஸ்தாவுக்கு முன்னால்,
ரோட்டில் வேப்பங்கொப்பும் நாலு கல்லும்.
பழுதாகி நின்ற லாரி சரியாகிப் போய்விட்டது,
கல்லை எடுத்துப்போட டிரைவர் மறந்துவிட்டான்.
ஸ்கூட்டியை ஓரங்கட்டி இண்டிகேட்டரைப் போட்டேன்.
ஒவ்வொன்றாய்ச் செம்மண்ணுக்கு உருட்டினேன்.
மூன்றாவது கனம்.
குனிந்து, முதுகைச் சாலைக்குக் கொடுத்து,
இரண்டு கையாலும் தள்ளும்போது
பின்னால் ஹாரன்.
குறைக்கிறானா என்று
காதால்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது.